ராஜா எழுதிக் கொடுத்த மலை

தேவிகுளம் முன்சீப் கோர்ட்டில் நான் நடத்திய வழக்குகளில், சொத்தின் மதிப்பை வைத்துப் பார்த்தால் மிகச் சிறியது அது. தேயிலைக் காட்டை ஒட்டிய சரிவில் சில சென்ட் நிலம். அதன்மேல் தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. பிரதிவாதி, எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்ற ஓர் அம்மா. வாதி, அந்தச் சரிவில் தங்கும் விடுதி கட்ட நினைத்த ஒருவர். அந்தச் சில சென்ட்டுக்காக 1877ஆம் ஆண்டுப் பத்திரத்தையும், பாண்டிய நாட்டிலிருந்து மலையேறி வந்த ஓர் அரச குடும்பத்தின் வரலாற்றையும், உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பையும் நான் படிக்க வேண்டியிருந்தது. கட்சிக்காரர்களை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் விட்டுவிட்டு, அந்த வழக்கை இங்கே எழுதுகிறேன்.

வாதி இரண்டு பரிகாரங்கள் கேட்டிருந்தார். நிலம் தனக்குச் சொந்தம் என்று கோர்ட் அறிவிக்க வேண்டும். பிரதிவாதியை வெளியேற்றி, சுவாதீனத்தைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும். அவருடைய பிராதின் அடித்தளம் ஒரே ஒரு வாக்கியம்: இந்த நிலம் வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போகாமல் பூஞ்சார் ராஜா தன் கைவசம் வைத்திருந்தது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜா வகையில் எழுதிக் கொடுக்கப்பட்டு, கைமாறிக் கைமாறித் தன்னிடம் வந்தது. மூலப் பத்திரம் என்று அவர் தாக்கல் செய்தது ஒரு நகல்தான். அசலை யாரும் பார்க்கவில்லை. பூஞ்சார் குடும்பத்தார் யாரும் இந்த வழக்கில் கட்சியும் இல்லை, சாட்சியும் இல்லை. அவர்களுக்குத் தெரியாமலேயே அவர்கள் பெயர் அதில் பயன்பட்டது என்றே நான் நம்புகிறேன்.

சம்மனை எடுத்துக்கொண்டு வந்த அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சார், ராஜா குடுத்ததுன்னு எழுதியிருக்காங்களே. ராஜா கையெழுத்து முன்னாடி என் ரேஷன் கார்டு நிக்குமா?"

மூணாறு மலையில் இந்தப் பயம் புதிதல்ல. ராஜா பத்திரம் என்று ஒருவர் சொன்னால், மூன்று தலைமுறையாக அங்கேயே உழைத்தவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆகவே ராஜா யார், அவருக்கு இந்த மலையில் என்ன உரிமை இருந்தது, அது எப்போது முடிந்தது என்பதைக் கோர்ட்டுக்கு எடுத்துச் சொல்வதே என் முதல் வேலையானது.

பூஞ்சார் இன்று கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றங்கரையில் உள்ள ஊர். அதன் அரச குடும்பம் தன்னைப் பாண்டியர் வழி என்று சொல்லிக்கொள்கிறது. மதுரையில் ஏற்பட்ட போரில் இடம் இழந்த மானவிக்ரம குலசேகரப் பெருமாள் என்ற பாண்டிய இளவரசர், 12ஆம் நூற்றாண்டில் கம்பம், கூடலூர் வழியாக மேற்கு மலையைக் கடந்து வந்தார் என்பது குடும்ப மரபு. பின்னாளில் அவர் வழியினர் தெக்கும்கூர் அரசரிடமிருந்து பூஞ்சாரை வாங்கிக் குடியேறினார்கள். மதுரையின் நினைவாக அங்கே இன்றும் மீனாட்சி கோயில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் ஆளுகை காலப்போக்கில் மலைமேல் விரிந்து, அஞ்சுநாடு எனப்படும் மறையூர், காந்தலூர் பக்கம் வரையிலும் கண்ணன் தேவன் மலை வரையிலும் எட்டியது. அந்த மலைக்குப் பெயர் தந்த கண்ணன் தேவன், முதுவான் பழங்குடியினரின் தலைவர் என்று மலையில் சொல்வார்கள்.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் திருவாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தெக்கும்கூரைத் தன் நாட்டோடு சேர்த்தபோது, பூஞ்சார் திருவாங்கூரின் மேலாண்மையை ஏற்றது; ஆனால் தன் நிலத்தை இழக்கவில்லை. திருவாங்கூரில் இடப்பள்ளி, கிளிமானூர், வஞ்சிப்புழை, பூஞ்சார் என்று நான்கு இடவகைகள் இருந்தன. இடவகையின் தலைவர் மகாராஜாவுக்குக் கீழ்ப்பட்டவர். அதே நேரத்தில் தன் எல்லைக்குள் நிலவரி வாங்குபவரும், நிலத்தின் பரம்பரை உடைமையாளரான ஜென்மியும் அவரே.

இந்த இரட்டை நிலைதான் வழக்கின் முடிச்சு. பூஞ்சார் தலைவர் அரசரா, நிலச்சுவான்தாரா? அரசர் என்றால் அவர் உரிமை அடுத்த அரசுக்குப் போய்ச் சேரும். வெறும் நிலச்சுவான்தார் என்றால் அது வாரிசுகளிடமும் அவர்களிடம் வாங்கியவர்களிடமும் நிற்கும். வாதியின் வக்கீல் அவரை நிலச்சுவான்தாராகவே காட்டினார். அனுபவமுள்ளவர், நன்றாகவே வாதாடினார்.

சட்டக் கல்லூரியில் ஐரோப்பியப் பிரபுத்துவத்தைப் படித்தபோது தெரிந்துகொண்ட ஒருவரின் வாழ்க்கை எனக்கு இங்கே உதவியது. வடக்கு பிரான்சில் பிக்கார்டிப் பகுதியின் கூசிக் கோட்டைக்கு உரியவர் ஏழாம் ஆங்கெரான். 1340இல் பிறந்தவர். இங்கிலாந்தோடு நடந்த போரில் சிறைப்பட்ட பிரெஞ்சு அரசருக்காக, 1360இல் பிணையாளாக லண்டனுக்குப் போனார். அங்கே ஆங்கில அரசர் மூன்றாம் எட்வர்டின் மகள் இசபெல்லாவை 1365இல் மணந்தார். மாமனார் அவருக்கு இங்கிலாந்தில் நிலமும் பெட்ஃபோர்டு பிரபு பட்டமும் கொடுத்தார். பிறந்த நாட்டு அரசருக்கும் பெண் கொடுத்த அரசருக்கும் ஒரே சமயத்தில் கட்டுப்பட்டவராக அவர் வாழ வேண்டியதாயிற்று. 1377இல் ஆங்கிலப் பட்டத்தையும் நிலத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிரான்சுக்கே விசுவாசம் என்று நின்றார். துருக்கியருக்கு எதிரான நிக்கோபோலிஸ் போரில் 1396இல் பிடிபட்டு, அடுத்த ஆண்டு பூர்சாவில் சிறையிலேயே இறந்தார். ஆண் வாரிசு இல்லை. 1400இல் அவருடைய மகள் கூசிப் பிரபுத்துவத்தை அரச குடும்பத்தின் ஆர்லியான் கோமகனுக்கு விற்றார்.

அந்த வாழ்க்கையில் ஒரு வக்கீல் கவனிக்க வேண்டியது 1368இல் அவர் வெளியிட்ட சாசனம். அதன்மூலம் தன் ஆளுகையில் இருந்த 22 ஊர்களின் பண்ணையடிமைகளை விடுதலை செய்தார். அதுவரை பண்ணையடிமை இறந்தால் அவன் சேர்த்து வைத்தது பிரபுவுக்குப் போகும். அந்த முறையால் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள்; நிலம் மதிப்பிழந்தது. அந்த நஷ்டத்தைப் பார்த்துத்தான் விடுதலைச் சாசனம் வந்தது. அதற்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு. பிரபுவுக்கு நிலத்தின்மேல் இருந்தது ஒரே ஓர் உரிமை அல்ல. ஆள்வது, வரி வாங்குவது, நீதி சொல்வது, நிலத்தை வைத்திருப்பது எல்லாம் கலந்த ஒரு கட்டு அது. மேலே ஓர் அரசர் ஒப்புக்கொள்ளும் வரைதான் அந்தக் கட்டுக்கு உயிர். பூஞ்சார் தலைவரின் உரிமையும் அப்படிப்பட்டதே என்பதற்கு எங்கள் ஆவணங்களிலேயே சாட்சி இருந்தது.

1877 ஜூலை 11 அன்று பூஞ்சார் வலிய ராஜா கேரள வர்மா, ஜான் டேனியல் மன்றோ என்பவருக்குக் கண்ணன் தேவன் மலையைக் காப்பி பயிரிட எழுதிக் கொடுத்தார். பீர்மேட்டில் காப்பித் தோட்டக்காரராக இருந்த மன்றோ, திருவாங்கூரில் அரசாங்கப் பதவியும் வகித்தவர். 5,000 ரூபாய் தொகையும் ஆண்டுக்கு 3,000 ரூபாயும் பேசப்பட்டது. இதுவே முதல் பூஞ்சார் கன்செஷன். இரண்டாவது, 1879இல். எழுதிக் கொடுத்தது சுமார் 1,37,000 ஏக்கர். ராஜா கையெழுத்துப் போட்டதோடு காரியம் முடிந்துவிடவில்லை. 1878 நவம்பரில் திருவாங்கூர் சர்க்கார் முதல் கன்செஷனுக்கு ஒப்புதல் கொடுத்த பிறகுதான் மன்றோவின் உரிமை உறுதியானது. மலைக்கு முழு உடைமையாளராக ராஜா இருந்திருந்தால் அந்த ஒப்புதல் எதற்கு?

அடுத்தது 1899 செப்டம்பர் 24ஆம் தேதி அரச விளம்பரம். ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில் வந்த அந்த அறிவிப்போடு, கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலைகளில் பூஞ்சார் தலைவருக்கு இருந்த உரிமைகள் திருவாங்கூர் சர்க்காருக்குப் போயின. மன்றோவிடமிருந்து வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போயிருந்த மலையில், ராஜாவின் இடத்தில் அன்றிலிருந்து சர்க்கார் உட்கார்ந்தது. வாதியின் மூலப் பத்திரமோ இதற்குப் பிந்தைய தேதி கொண்டது. தன்னிடம் இல்லாததை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அந்த நகல் உண்மையானது என்றே வைத்துக்கொண்டாலும், அதை எழுதும்போது கொடுப்பதற்கு ராஜா கையில் எதுவும் இல்லை.

மிச்சம் ஏதாவது இருந்திருந்தாலும் 1971 அதைத் துடைத்துவிட்டது. அச்சுத மேனன் முதலமைச்சராக இருந்தபோது கேரளச் சட்டசபை, கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தை இயற்றியது. தோட்டம், தொழிற்சாலை, கட்டடம் போன்றவற்றுக்கு உரிய இடம் நீங்கலாக, கண்ணன் தேவன் மலை கிராமத்தின் நிலம் 1971 ஜனவரி 21 முதல் அரசுக்குச் சேரும் என்றது சட்டம். பயிரிடாமல் பெரும் பரப்பு கிடக்கிறது, நிலமில்லாத விவசாய மக்களுக்கு அது வேண்டும் என்பது காரணம். கம்பெனி நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1972 ஏப்ரல் 27 அன்று தலைமை நீதிபதி சிக்ரி எழுதிய தீர்ப்பு 1877 கன்செஷனிலிருந்தே மலையின் கதையை ஆராய்ந்தது. பூஞ்சார் தலைவரின் ஜென்ம உரிமை திருவாங்கூருக்கும், அதன் வழியே கேரள அரசுக்கும் வந்ததை ஏற்றது. விவசாயச் சீர்திருத்தத்துக்காக இப்படி நிலம் எடுப்பதற்கு அரசியல் சாசனத்தின் 31ஏ பிரிவு பாதுகாப்பு உண்டு என்று சொல்லிச் சட்டத்தை நிலைநிறுத்தியது.  

1974 மார்ச்சில் கேரள லேண்ட் போர்டு, எவ்வளவு யாருக்கு என்ற கணக்கை முடித்தது. சுமார் 57,000 ஏக்கர் கம்பெனிக்கு, சுமார் 70,000 ஏக்கர் அரசுக்கு. வரையாடுகள் மேயும் இரவிகுளம் தேசியப் பூங்கா, அப்படி அரசுக்கு வந்த மலையில் அமைந்ததுதான்.

இவ்வளவும் என் கட்சிக்காரருக்குச் சாதகம் என்று வாசகர் நினைக்கலாம். பாதிதான் சாதகம். வாதியின் உரிமையை உடைத்த ஒவ்வொரு ஆவணமும், அந்த நிலம் என் கட்சிக்காரருடையதும் அல்ல என்றே சொன்னது. ராஜாவுடையது இல்லை என்றால் அரசுடையது. அரசுடையது என்றால் அந்த அம்மா, அனுமதியில்லாமல் அரசு நிலத்தில் குடியிருப்பவர். வழக்கில் அரசும் ஒரு கட்சி. அரசு வக்கீல் அருகில் உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தார்.

அரசுக்கு எதிராக 30 ஆண்டு அனுபோகம் என்ற வாதத்தை எடுக்கலாம் என்று சில நண்பர்கள் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. அரசின் உரிமையை மறுத்து நின்றால்தான் அந்த வாதம் செல்லும். ஆனால் அந்த அம்மா ஏற்கெனவே தாலுகா ஆபீசில் பட்டயத்துக்கு, அதாவது அரசு நிலத்தை ஒதுக்கித் தரும் பட்டாவுக்கு, மனு கொடுத்திருந்தார். பட்டயம் கேட்பது, நிலம் அரசுடையது என்று ஒப்புக்கொள்வதுதான். இரண்டு படகில் கால் வைக்கக் கூடாது. அவரிடம் இதை விளக்கினேன்.

"அம்மா, நிலம் உங்களோடதுன்னு நான் கோர்ட்டுல சொல்லப் போறதில்லை. சர்க்காரோடதுன்னுதான் சொல்லப் போறேன். சம்மதமா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "உள்ளத சொல்லுங்க சார். சர்க்கார்கிட்ட கேட்டு வாங்கிக்கலாம். விடுதிக்காரங்ககிட்ட போச்சுன்னா யார்கிட்ட கேக்குறது?" என்றார்.

அந்தச் சம்மதத்தின்மேல்தான் எதிர்வாதப் பத்திரிகை தயாரானது. நிலம் அரசுக்குச் சொந்தம். வாதிக்கு எந்த உரிமையும் இல்லை. பிரதிவாதி, மீட்புச் சட்டம் யாருக்காக இயற்றப்பட்டதோ அந்த வகையைச் சேர்ந்த நிலமில்லாத் தொழிலாளி. 1977ஆம் ஆண்டு ஒதுக்கீட்டு விதிகளின்படி அவருடைய மனு முடிவுக்காகக் காத்திருக்கிறது. இவ்வளவுதான் எங்கள் கட்சி.

விசாரணையில் வில்லேஜ் ஆபீசர் அடிப்படை வரிப் பதிவேட்டோடு வந்து சாட்சி சொன்னார். தாவா நிலத்தின் சர்வே எண்ணுக்கு நேரே சர்க்கார் என்றே இருந்தது. வாதியைக் குறுக்கு விசாரணை செய்தபோது நான் ராஜாவைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. இந்த நிலத்துக்கு உங்கள் பெயரில் தண்டப்பேர் என்ற வருவாய்க் கணக்கு எண் உண்டா, கரம் (நிலவரி) கட்டிய ரசீது உண்டா, உங்களுக்கு விற்றவர் பெயரில் உண்டா, அவருக்கு விற்றவர் பெயரில் உண்டா என்று கேட்டுக்கொண்டே போனேன். ஒன்றுக்கும் ஆவணம் இல்லை. நிலத்தின் நான்கு எல்லையைச் சொல்லச் சொன்னேன். கிழக்கு எல்லையில் இருப்பது ஓடையா, வழியா என்பது அவருக்குத் தெரியவில்லை. என் கட்சிக்காரர் கூண்டில் ஏறியபோது, எந்தப் பாறை ஓரத்தில் எந்த மாதம் ஊற்று வரும் என்பது வரை சொன்னார்.

உரிமை அறிவிப்புக் கேட்டு வருபவர் தன் உரிமையின் பலத்தில்தான் ஜெயிக்க வேண்டும். எதிராளியின் பலவீனத்தை வைத்து ஜெயிக்க முடியாது. இது இந்திய நீதிமன்றங்களில் நிலைபெற்ற விதி. முன்சீப் அதையே சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1899க்குப் பிறகு பூஞ்சார் வகையில் இந்த மலையில் உரிமை வழங்க இடமில்லை என்றும், பிரதிவாதியின் பட்டய மனுவைப் பற்றி வருவாய்த்துறைதான் முடிவு செய்ய வேண்டும் என்றும் தீர்ப்பில் எழுதினார். வாதி மேல்முறையீடு செய்தார். அங்கேயும் தீர்ப்பு நின்றது.

அந்த அம்மாவின் ரேஷன் கார்டு ராஜா கையெழுத்தை வென்றது என்று நான் சொல்ல மாட்டேன். ரேஷன் கார்டு நில உரிமை ஆகாது. ஆனால் அவர் அங்கே இருந்தார், உழைத்தார், வேறு நிலம் இல்லாதவர் என்பதற்கு அது சாட்சி. ஒதுக்கீட்டு மனுவுக்கு அந்தச் சாட்சிதான் உயிர். தாலுகா ஆபீசில் அது தூங்காமல் இருக்க நான் பல வாய்தாக்களுக்குப் போகும் வழியிலெல்லாம் ஏறி விசாரித்தேன். கடைசியில் அவர் பெயரில் பட்டயம் வந்தது. வீடு நின்ற இடத்துக்கு மட்டும். பின்னால் காய்கறி போட்டிருந்த சரிவுக்குக் கிடைக்கவில்லை. அவர் மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எஸ்டேட் வரிசை வீடான லயத்தைவிட்டு வெளியே ஒரு முகவரி கிடைத்தது.

அது ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்கு? கம்பெனி தரும் லயம் வேலையோடு கட்டப்பட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அதனால்தான் வயதானவர்கள் பிள்ளையோ மருமகளோ கொழுந்து கிள்ளப் போவதை நம்பி அதே அறையில் தங்குகிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் மாண்டார்கள். தாத்தா, பாட்டி முதல் குழந்தைகள் வரை ஒரே கூரையின் கீழ் இருந்த குடும்பங்கள் அவை. அதன் பிறகு குற்றியார் பள்ளத்தாக்கில் தப்பிப் பிழைத்தவர்களுக்கு 8 வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். 70 பேர் மண்ணுக்குள் போன பிறகு கிடைத்த அந்த இடம், 1971 சட்டத்தின் நோக்கப்படி அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கிடைத்திருக்க வேண்டியது.

இந்த வழக்கு எனக்குச் சொன்னது இதுதான். கூசிப் பிரபுவின் உரிமை பிரெஞ்சு அரச குடும்பத்துக்குப் போனது. பூஞ்சார் ராஜாவின் உரிமை திருவாங்கூருக்குப் போனது. இடவகை என்ற ஏற்பாடே 1955ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தது. மீட்புச் சட்டம் வந்த 1971லேயே, பூஞ்சார் குடும்பத்தில் பிறந்து கேரளத்தின் விளையாட்டுத் துறையைக் கட்டியெழுப்பிய ஜி.வி. ராஜா குலு பள்ளத்தாக்கில் விமான விபத்தில் காலமானார். கேரளம் அவரை இன்று நினைப்பது மைதானங்களுக்காகத்தான், இடவகைக்காக அல்ல. பிரபுக்களின் உரிமைகள் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவுத் தேதி இருக்கிறது. நிலமில்லாத் தொழிலாளிக்கு நிலம் கொடுப்போம் என்று சட்டம் எழுதி, அதே காரணத்தைச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த அரசின் கடமைக்கு மட்டும் முடிவுத் தேதி இல்லை. அது இன்னும் நிலுவையில் நிற்கிறது.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, நெல்லியாம்பதி தோட்டங்களில் இருக்கும் நம் மக்களுக்கு ஒரு வார்த்தை. ராஜா காலத்துப் பத்திரம் என்று யாராவது காட்டினால் பயப்படாதீர்கள். அதை நம்பி இடமும் வாங்காதீர்கள். சர்வே எண்ணைக் கேளுங்கள். வில்லேஜ் ஆபீசில் அடிப்படை வரிப் பதிவேட்டைப் பாருங்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிராவிடண்ட் பண்ட் சீட்டு, மின்கட்டண ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். நிலமில்லாதவர்கள் பட்டய மனுவை எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். ஆறு மாதத்தில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தில் கேளுங்கள். அப்போதும் வராவிட்டால், பக்கத்துக் கோர்ட்டில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்தின் கதவைத் தட்டுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்ற காரணத்தால் யாரும் வீட்டை விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.